மூன்று கோடியும் ஒரு கேள்வியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

"உங்கள் எம்.எல்.ஏ. எப்படி?" என்று கேட்டால் நம் ஊர்ப்பக்கம் பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று வரும். "நல்லது கெட்டது எதற்குக் கூப்பிட்டாலும் வந்து நிற்பார், தங்கமான மனுஷன்" என்பார்கள். இல்லையென்றால், "ஓட்டுக் கேட்க வந்ததோடு சரி, அப்புறம் இந்தப் பக்கமே காணோம்" என்பார்கள். இரண்டு பதிலுமே ஆளை நேரில் பார்த்ததையும் பார்க்காததையும் வைத்துச் சொல்வதுதான். நம் ஊர்ப் பிரச்சினையில் எதை அவர் கோட்டை வரைக்கும் கொண்டுபோனார், அங்கே என்ன பதில் வாங்கினார், அந்தப் பதில் திரும்பி ஊருக்கு வந்து சேர்ந்ததா என்று நாம் கேட்பது குறைவு. இன்று நான் பேச நினைப்பது அதைப் பற்றித்தான்.

ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு மனு மேசைக்கு மேசை எப்படி நகர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் துக்க வீட்டுக்கும் உறுப்பினர் போவதை வெட்டி வேலை என்று நினைக்காதீர்கள். 2021 தேர்தலின்போது தமிழ்நாட்டில் 6 கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் இருந்தார்கள். 234 தொகுதிக்கும் பிரித்தால், ஒரு தொகுதிக்குச் சராசரியாக இரண்டரை லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரும் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுக்க மாட்டார்கள். அரசு அலுவலகப் படியேறக் கூச்சப்படுகிற ஒரு வயதான அம்மா, பந்தலில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடம் "எங்க தெருவுக்குத் தண்ணி வரலை தம்பி" என்று சொல்லிவிடுவார். கேட்டவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாரா என்பதுதான் முக்கியம். நல்ல உறுப்பினர்களோடு எப்போதும் ஓர் உதவியாளர் இருப்பார், அவர் கையில் நோட்டு இருக்கும். எழுதாத குறை கார் கிளம்பியதும் மறந்துபோகும்.

சரி, நிதி விஷயத்துக்கு வருவோம். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இது முழுக்க மாநில அரசின் பணம். உறுப்பினர் கையில் ஒரு ரூபாயும் வராது. எந்த ஊரில் எந்த வேலை நடக்க வேண்டும் என்று அவர் பரிந்துரை செய்வார். மாவட்ட ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். பொறியாளர்கள் மதிப்பீடு போட்டு, டெண்டர் விட்டு, வேலை நடக்கும். பள்ளிக்கூட வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை, மேல்நிலைத் தொட்டி, சிமெண்ட் சாலை, பயணியர் நிழற்குடை என்று நாம் ஊரில் பார்க்கிற பலதும் இப்படி வந்தவைதான். பொதுச் சொத்தாக நிலைத்து நிற்கிற வேலையாக இருக்க வேண்டும். தனியார் இடத்துக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ இதிலிருந்து செலவழிக்க முடியாது.

3 கோடி என்றால் பெரிய தொகையாகத் தெரிகிறது. சராசரித் தொகுதியில் ஒரு வாக்காளருக்கு ஆண்டுக்கு எவ்வளவு வருகிறது என்று கணக்குப் போட்டால், ஏறத்தாழ 110, 120 ரூபாய்தான். சோழிங்கநல்லூரில் 2021இல் வாக்காளர்கள் 6 லட்சத்துக்கும் மேல். அங்கே தலைக்கு 50 ரூபாய்கூடத் தேறாது. சென்னை துறைமுகம் தொகுதியில் 2 லட்சம் வாக்காளர்கள்கூட இல்லை, அங்கேயும் அதே 3 கோடிதான். 234 தொகுதிக்கும் சேர்த்தால் மொத்தம் 702 கோடி. மாநில அரசின் ஆண்டுச் செலவோ 2024-25 நிதிநிலை அறிக்கையிலேயே 4 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். "எங்க எம்.எல்.ஏ. நிதியிலிருந்து என்ன செய்தார்?" என்று நாம் கேட்பதெல்லாம் அந்த 702 கோடியைப் பற்றி. மிச்சமுள்ள லட்சக்கணக்கான கோடி எந்தச் சாலைக்கு, எந்த மருத்துவமனைக்கு, எந்த ஏரிக்குப் போகிறது என்பது பேசப்படுவது சட்டமன்றத்தில். அங்கே நமக்காகப் பேச நாம் அனுப்பியிருப்பது ஒரே ஒருவரை. 1986இல் மேலவை கலைக்கப்பட்ட பிறகு மாநிலத்துக்கு இருப்பது இந்த ஒரு பேரவைதான்.

ஒரு தரைப்பாலத்தை எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட பாலம் உங்கள் ஊரிலும் இருக்கலாம். மழைக்காலத்தில் வாய்க்காலில் தண்ணீர் பெருகினால் பாலம் மூழ்கிவிடும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. பிரசவ வலி எடுத்தால் 108 ஆம்புலன்ஸ் இக்கரையோடு நின்றுவிடும். ஊர்க்காரர்கள் பல வருடமாக மனு கொடுக்கிறார்கள், ஒன்றும் நடப்பதில்லை. ஏன்? முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பார்க்க வேண்டும். ஊராட்சிச் சாலையா, ஊராட்சி ஒன்றியச் சாலையா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? மூன்றுக்கும் நிதி வேறு, அதிகாரி வேறு. கீழே ஓடுகிற வாய்க்கால் நீர்வளத் துறையினுடையதாக இருந்தால் அவர்களிடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். இரு கரையிலும் பட்டா நிலம் குறுக்கிட்டால் நில எடுப்பு வரும், அது வருவாய்த் துறை. ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்த மனு, "இது எங்கள் துறை சார்ந்தது அல்ல" என்ற குறிப்போடு அடுத்த அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒவ்வொரு அலுவலகமும் தன் அளவில் சரியாகத்தான் செய்திருக்கும். பாலம் மட்டும் வராது.

உறுப்பினருடைய வேலை தொடங்குகிற இடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூன்று துறை அதிகாரிகளையும் ஒரே நாளில் அந்தப் பாலத்துக்கு அழைத்துவந்து நிற்க வைக்கக்கூடியவர் தொகுதியில் அவர் ஒருவர்தான். அதிகாரிகள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். உறுப்பினர் 5 ஆண்டு அங்கேயே இருப்பார். மதிப்பீடு அவருடைய நிதிக்குள் அடங்கினால் பரிந்துரைக் கடிதத்தோடு வேலை முடிந்தது. அடங்காவிட்டால் அவர் கோட்டைக்குத்தான் போயாக வேண்டும். 2022இல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக, நீண்ட நாளாகத் தீராத 10 முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டு ஆட்சியரிடம் கொடுக்கும்படி 234 உறுப்பினர்களும், எந்தக் கட்சியானாலும், கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். தொகுதியில் நூறு தேவை இருக்கும்போது அந்தப் பத்து எவை என்று எப்படித் தேர்ந்தெடுப்பது? நோட்டில் எழுதி வைத்திருந்தவருக்கு அது சுலபம்.

பேரவை கூடும் நாளில் பேரவைத் தலைவர் திருக்குறள் வாசித்துத் தொடங்கி வைப்பார். அடுத்து கேள்வி நேரம். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, இந்த ஊரில் இந்த வாய்க்காலின் குறுக்கே உயர்மட்டப் பாலம் கட்ட அரசு முன்வருமா?" என்று உறுப்பினர் கேட்பார். அமைச்சர் எழுந்து, "கருத்துரு ஏதும் இல்லை" என்பார், அல்லது "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்பார், அல்லது "இந்த ஆண்டே எடுத்துக்கொள்ளப்படும்" என்பார். மூன்றுமே நமக்குப் பயன்படும் பதில்கள். கருத்துரு இல்லை என்றால், மாவட்டத்திலிருந்து கோப்பு சென்னைக்கே போகவில்லை என்று தெரிந்துவிடும். உடனே திரும்பி வந்து அந்தக் கோப்பைத் தயார்செய்ய வைக்கலாம். கேள்வி கேட்டதனாலேயே கோப்பு தூசி தட்டப்பட்டு மேலே வந்ததைப் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன். சட்டமன்றக் கேள்வி என்று சிவப்புச் சீட்டு ஒட்டி ஒரு தாள் வந்தால் அலுவலகமே பரபரப்பாகிவிடும். அன்று சாயங்காலத்துக்குள் பதில் போக வேண்டும்.

கட்சி என்ன சொல்கிறதோ அதைத்தானே உறுப்பினர் செய்ய முடியும் என்று சிலர் கேட்பார்கள். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம் என்பது உண்மை. அது வாக்குக்குத்தான். பாலம் கேட்பதற்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர் கேட்பதற்கும் எந்தக் கொறடாவும் தடை போடுவதில்லை. ஒவ்வொரு துறைக்கும் நிதி ஒதுக்கக் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஆளும் கட்சியினரும் எதிர்க்கட்சியினரும் தங்கள் தொகுதிக்காகப் பேசுகிறார்கள். விவாதத்தின் முடிவில் அமைச்சர் வெளியிடுகிற அறிவிப்புகளில் அந்தக் கோரிக்கைகளில் சில இடம்பெறும்.

இந்த இடத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டவர். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர். அந்தச் சபையின் துணைத் தலைவராகவும் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்க அவையில் அவர் பேசினார், எதிர்ப்பைத் தாங்கினார். கோயில் பணியோடு பிணைக்கப்பட்டிருந்த மானிய நிலங்களை அந்தப் பெண்களுக்கே உரிமையாக்குகிற சட்டத் திருத்தம் 1929இல் வந்தது. பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலை முற்றாகத் தடை செய்யும் சட்டம் வர 1947 ஆயிற்று. அதுவரை அவர் சும்மா காத்திருக்கவில்லை. அந்த முறையிலிருந்து தப்பி வந்த பெண்களுக்குப் போக இடமில்லை என்றபோது அவ்வை இல்லத்தை உண்டாக்கினார். பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகவும் அவரே காரணம். அவையில் ஒரு கால், ஊரில் ஒரு கால் என்று உழைத்தவர். சட்டம் வருகிற வரைக்கும் அந்தப் பெண்கள் எங்கே தங்குவார்கள் என்று கவலைப்பட்டார் பாருங்கள், மக்கள் பிரதிநிதி என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அவர் முகம்தான் முதலில் வருகிறது.

நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாத இரண்டு குழுக்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சட்டமன்றத்தில் உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. அமைச்சர்கள் அவையில் "செய்து தரப்படும்" என்று சொன்னவை நிறைவேறினவா என்று தொடர்ந்து கேட்பதுதான் அதன் வேலை. ஆகவே உங்கள் பாலத்துக்கு அவையில் ஒரு வாக்குறுதி கிடைத்துவிட்டால், அதைப் பின்தொடர ஓர் ஏற்பாடு இருக்கிறது. அந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று மனுக்கள் குழு. இது மாவட்டங்களுக்கு வரும். வருவதற்கு முன் மனுக்கள் வரவேற்கப்படுகின்றன என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வெளியாகும், நாளிதழில் ஒரு மூலையில் இருக்கும். பல ஆண்டாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரு துறை சார்ந்த ஒரே பிரச்சினை. பட்டா, முதியோர் உதவித்தொகை, வேலை கேட்பது போன்ற தனிநபர் குறைகளும் நீதிமன்றத்தில் இருக்கிற விஷயங்களும் இதில் வராது. அவற்றுக்குத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, குறைகளைச் சொல்ல 1100 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. ஊர்ப் பாலம், ஊர் ஏரி, ஊர்ப் பள்ளி என்றால் மனுக்கள் குழு சரியான இடம்.

நம் பங்குக்கு என்ன செய்வது? மாலை போட்டு வரவேற்றுவிட்டு, "பார்த்துச் செய்யுங்க ஐயா" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறோம். இது எனக்குப் பெரிய வருத்தம். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பாலம் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். சாலை எந்தத் துறையுடையது, எத்தனை குடும்பம் அக்கரையில் இருக்கிறது, எந்தெந்த வருடம் வெள்ளத்தில் மூழ்கியது, முன்பு கொடுத்த மனுக்களின் எண் என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். தீர்மான நகலோடு உறுப்பினரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒரு மாதம் கழித்துப் போய், "ஐயா, அது எந்த மேசையில் இருக்கிறது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நீங்களே கேட்டு, கிடைத்த பதிலை உறுப்பினரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவரை மடக்குவதற்காக அல்ல. கோட்டையில் எழுந்து பேசும்போது அவர் கையில் ஆதாரம் இருக்க வேண்டும், அதற்காக.

நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இல்லையே என்று நினைக்க வேண்டாம். வார்டு குழுவும் பகுதி சபையும் 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் கவுன்சிலரிடம் அடுத்த கூட்டம் எப்போது என்று கேளுங்கள்.

பேரவை நடவடிக்கைகள் அச்சாகின்றன, கேள்வி நேரம் நேரலையாகவும் வருகிறது. அடுத்த கூட்டத்தொடரில் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை என்றைக்கு என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பத்து நாள் முன்னதாகவே உங்கள் ஒரு பக்க மனு உறுப்பினர் கையில் இருக்கட்டும்.

நன்றி. வணக்கம்.