அந்த அரைமணி நேரம் குழந்தை யார் கையில்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

‘புதிதாகத் தாயானவள் வேலை, உடல்நலம், குடும்பம் மூன்றையும் ஒருசேரக் கொண்டுசெல்லப் பெரிதும் தேவைப்படுவது அவளது மன உறுதியா, சுற்றியிருப்போரின் பங்களிப்பா?’ இதுதான் இன்றைய தலைப்பு. சுற்றியிருப்போரின் பங்களிப்பே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது அரங்கமே கைதட்டியது. மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்றார். நேரத்தைத் திட்டமிடத் தெரிந்தவளுக்கு எல்லாம் கைகூடும் என்றார். விடியற்காலையில் எழுந்து ஓர் அரைமணி நேரம் நடந்துவிட்டு வரக்கூடாதா என்றும் கேட்டார்.

நான் அவரிடம் கேட்பது ஒன்றுதான். அந்த அரைமணி நேரம் குழந்தை யார் கையில் இருக்கும்?

கணவர் தோளில் என்றாலும், மாமியார் மடியில் என்றாலும் அது எங்கள் அணியின் வாதமாகிவிடுகிறது. தொட்டிலில் தனியாகக் கிடக்கட்டும் என்று அவரும் சொல்ல மாட்டார். ஒரு தாய்க்கு அரைமணி நேரம் கிடைக்க வேண்டுமானால், வேறொருவர் தம்முடைய நேரத்திலிருந்து அரைமணியை எடுத்துக் கொடுத்தாக வேண்டும். வேறு வழியே கிடையாது.

கணக்கைப் பாருங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரைமணி என்று வைத்தாலே 4 முதல் 6 மணி நேரம் போய்விடுகிறது. தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டுவது, நனைந்த துணியை மாற்றுவது, தூளி ஆட்டுவது எதுவும் இதில் சேரவில்லை. பாலூட்டுவதை அவள்தான் செய்ய வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றை யாரும் செய்யலாமே! செய்கிறோமா? 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறாள். ஆண் 97 நிமிடம். அந்த 97-கூட வீட்டுவேலையில் கைவைக்கிற ஆண்களின் சராசரிதான். எட்டியே பார்க்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

நடுவர் அவர்களே, நம் பாட்டிமார்களுக்கு இந்த உண்மை நன்றாகத் தெரிந்திருந்தது. பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்றார்கள். தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வெந்நீர் காய்ச்சி ஊற்ற ஒருவர், வயிற்றைச் சுற்றித் துணி கட்டிவிட ஒருவர், குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அனுபவசாலியான ஒரு பாட்டி, பூண்டுக் குழம்பும் லேகியமும் செய்து கொடுக்க அம்மா. பழங்களையும் தண்ணீரையும் குறைக்கச் சொன்ன பத்தியம் தவறு என்று இன்றைய மருத்துவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அந்த ஏற்பாட்டின் அடிப்படை என்ன? பெற்றவளைச் சுற்றி எத்தனை கைகள்! ‘உன் மன உறுதியால் தேறிக்கொள்’ என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது? மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துக் குழந்தையோடு கணவர் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். அன்றோடு அந்தக் கைகள் எல்லாம் ஊருக்குத் திரும்பிவிடுகின்றன. அடுத்து வேலைக்குச் செல்ல வேண்டிய நாளும் நெருங்கிவிடுகிறது. ஆரத்தி எடுத்து வரவேற்ற அதே வீட்டில், மறுநாள் காலை இட்லிக்கு யார் சட்னி அரைப்பது என்ற கேள்வி அவளை நோக்கியே வருகிறது.

இந்த நிலையில்தான் எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய நண்பர் வயிறு குறைய வேண்டும், எடை இறங்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார். முதலில் அந்த உடம்புக்கு என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவைச் சிகிச்சை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. கருவைச் சுமந்ததில் பலருக்கு வயிற்றுத் தசைகள் நடுவே விலகியிருக்கும். இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்திருக்கும். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று ஒருத்தி யாரிடம் போய்ச் சொல்வாள்? சரியான பயிற்சியால் பெருமளவு சரிசெய்யக்கூடிய குறை அது. ஆனால் சொல்லவே கூச்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்கிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று அதே கணக்கெடுப்பு சொல்கிறது. பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் அவளுக்கு நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எல்லோரும் உண்ட பிறகு மிச்சத்தை நின்றபடியே சாப்பிடுகிறவளுக்கு அந்த 600 எங்கிருந்து வரும்?

உடற்பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மருத்துவத் தடை ஏதும் இல்லாத தாய்மார்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி. அதே அரைமணிதான்! அதை அவளுக்குக் கொடுங்கள் என்றுதான் வாதாடுகிறோம்.

எதிரணியினர் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல்லை எடுத்துக்காட்டினார்கள். நம் சென்னைப் பெண். 2021 அக்டோபரில் இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயானவர், 2022 ஏப்ரலில் கிளாஸ்கோவில் நடந்த உலக இரட்டையர் ஸ்குவாஷ் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். நானும் எழுந்து நின்று வணங்குகிறேன். ஆனால் அவருக்கு உடற்பயிற்சி செய்வதே தொழில். எட்டு மணி நேரம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்துவிட்டு வருகிற திருப்பூர்ப் பெண்ணிடம் அவரைக் காட்டி, ‘உனக்கு மட்டும் ஏன் முடியவில்லை?’ என்று கேட்பது அநியாயம்.

வீராங்கனைகளுக்கும் மன உறுதி மட்டும் போதுமா? அமெரிக்க ஓட்டக்காரர் அலிசன் பெலிக்ஸ் 2018 இறுதியில் அவசர அறுவைச் சிகிச்சையில் குழந்தை பெற்றார். ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவருக்கு உறுதிக்கா பஞ்சம்? பிரசவத்தையொட்டி ஓட்டத்திறன் குறைந்தால் ஊதியத்தில் கைவைக்க மாட்டோம் என்ற உத்தரவாதத்தை, அவரோடு விளம்பர ஒப்பந்தம் செய்திருந்த விளையாட்டுப் பொருள் நிறுவனமான நைக்கி தரவில்லை. 2019-இல் அவர் அதை வெளிப்படையாக எழுதினார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அந்நிறுவனம் தன் விதியை மாற்றிக்கொண்டது. மாற வேண்டியிருந்தது ஒப்பந்தம்தான்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். பேறுகால விடுப்பு முடிந்து திரும்பியபோது என் அலுவலகத்தில் பால் எடுத்து வைக்க ஓர் அறை கிடையாது. பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்குள், தாழ்ப்பாள் இல்லாத கதவோடு நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்வேன். வெளியே காலடிச் சத்தம் கேட்டாலே பால் வருவது நின்றுவிடும். மார்பில் பால் கட்டி, கல்லாகக் கனத்து, காய்ச்சல் கண்டது. கூட்டத்தின் நடுவே ரவிக்கை நனைய, தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு பேசியிருக்கிறேன். என் நிலையைக் கவனித்தவர் துப்புரவுப் பணி செய்த ஓர் அக்கா. நான் உள்ளே போனதும் வாளியையும் துடைப்பத்தையும் வாசலில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். யார் வந்தாலும், ‘உள்ளே தரை ஈரமாக இருக்கிறது, அப்புறம் வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவார். என் மகள் ஒரு வயது தாண்டியும் தாய்ப்பால் குடித்தாள் என்றால், அதில் அந்த அக்காவுக்குப் பாதிப் பங்கு உண்டு.

சட்டமும் பங்களிப்புதான், நடுவர் அவர்களே. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 12 வார விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு அந்த விடுப்பை 2021-இல் 12 மாதமாக உயர்த்தியது. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ, சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கோ பெரும்பாலும் சம்பளத்தோடு ஒரு நாள் விடுப்பும் கிடைப்பதில்லை. அரசு ஊழியரை விடச் சித்தாளுக்கு மன உறுதி குறைவா? தகப்பனுக்கு என்ன இருக்கிறது? மத்திய அரசு ஊழியராக இருந்தால் 15 நாள் விடுப்பு. தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவருக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லை. குழந்தையைத் தூக்க ஆசைப்படும் தகப்பனையும் ஐந்தாம் நாளே பணிக்கு அழைத்துக்கொள்கிறோம்.

கடைசியாக எதிரணி ஒரு கேள்வி எழுப்பியது. கணவர் வெளிநாட்டில், பெற்றோர் இல்லை, மாமியார் படுக்கையில். இப்படி யாருமே இல்லாத தாய் தன் உறுதியைத் தவிர எதை நம்புவாள் என்றார்கள். அவளுக்காகத்தான் நானும் இங்கே நிற்கிறேன். அவளிடம் உறுதி இருக்கிறது. அது இல்லாமல் இத்தனை நாள் அவள் தாக்குப்பிடித்திருக்கவே முடியாது. அவளிடம் இல்லாதது நம்பிக்கையான ஒரு காப்பகம், சொன்ன நேரத்துக்கு வேலையை விட்டு அனுப்புகிற மேலாளர், தெருமுனையில் மாலை வரை திறந்திருக்கும் ஓர் அங்கன்வாடி, ‘ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ போய்த் தூங்கு’ என்று சொல்ல ஒரு பக்கத்து வீட்டுக்காரர். 2015-இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது தமிழக அரசு. யாருமில்லாத தாய்க்கு அரசும் ஊரும் செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. பூட்டிக் கிடக்கும் அறைகளின் சாவியைத் தேடி எடுப்பதும் ஊரின் வேலைதான்.

அவளது உறுதியை எதிரணி நன்றாகவே புகழ்ந்துவிட்டது. அவளோடு சேர்ந்து சுமக்க வேண்டியவர்கள் யார் என்பதைத் தங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.