பத்து மலை இருக்கட்டும், நமக்கு முதலில் ஒன்று போதும்: ஹகுபா பயணத் திட்டம்

வணக்கம். மேசை முழுவதும் காகிதமாகக் கிடக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியே நல்ல மழை. அம்மா அடுக்களையில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருக்கிறார், எண்ணெய்ச் சத்தம் இடையிடையே கேட்கும். தீபாவளி வேலை தலைக்கு மேல் இருக்கும்போது ஜப்பானின் ஹகுபாவுக்குப் பனிச்சறுக்கப் போவதைப் பற்றிப் பேச உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மார்ச் மாதம் போக நினைப்பவர்கள் இப்போதே கணக்குப் போட்டால்தான் செலவு கைக்குள் அடங்கும்.

இந்த முறை நாங்கள் ஆறு பேர். நான், அம்மா, அண்ணன், அண்ணி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஒன்பது. என்னைத் தவிர யாரும் பனியைத் தொட்டதே இல்லை. ஆளுக்கு 2,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார். விமான டிக்கெட், ரயில், தங்குமிடம், சறுக்குப் பலகை வாடகை, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான்கு வாரமாக இதே வேலையாக இருக்கிறேன். முடியும் என்றுதான் தோன்றுகிறது.

இதோ, இந்த வரைபடத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன். ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் இருக்கும் ஹகுபா பள்ளத்தாக்கு இது. இடது பக்கம் முழுவதும் வடக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் வடக்கிலிருந்து தெற்காக வரிசையாகப் பனிச்சறுக்குத் தளங்கள்: கோர்ட்டினா, நோரிகுரா, ட்சுகாயிகே, இவாதாகே, ஹப்போஒனே, ஹகுபா 47, கோர்யு, சனோசாகா, இன்னும் தெற்கே கஷிமாயாரி. ஏறக்குறைய பத்துத் தளங்கள். சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்டுகளுக்குச் சீட்டு வாங்க வேண்டும், எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து ஒரே பொதுச் சீட்டும் விற்கிறார்கள்.

அந்தப் பொதுச் சீட்டைத்தான் முதல் பயணத்தில் வாங்காதீர்கள் என்று சொல்ல வந்தேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் தோழி ஒருத்தியோடு போனேன். இங்கே ஒரு பயண முகவர், "இத்தனை மலை இருக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்களா?" என்று கேட்டார். நியாயமாகத்தான் பட்டது. ஐந்து நாள் பொதுச் சீட்டு வாங்கினோம். முதல் மூன்று நாளும் ஒரே மலையின் அடிவாரத்தில், குழந்தைகள் பழகும் சரிவில் கழிந்தன. நிற்கப் பழகுவது ஒரு நாள், நிறுத்தப் பழகுவது ஒரு நாள், திரும்பப் பழகுவது ஒரு நாள். நான்காம் நாள் காற்று பலமாக அடித்ததால் மேலே போகும் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். ஐந்தாம் நாள் மட்டும் இன்னொரு மலையைப் பார்த்தோம். பத்து மலைக்குப் பணம் கட்டி ஒன்றரை மலையில் சறுக்கிவிட்டு வந்தேன். அந்தப் பணத்தை நினைத்தால் இன்றைக்கும் மனம் வலிக்கிறது. நீங்களும் அப்படி இழக்க வேண்டாம்.

தொடக்கத்தில் இருப்பவருக்குத் தேவை, சாய்வு குறைந்த ஒரே ஒரு சரிவு. அந்தச் சரிவுக்கு மட்டும் குறைந்த விலையில் சீட்டு விற்கும் தளங்கள் உண்டு. சில பயிற்சி வகுப்புகளில் அந்தச் சீட்டும் சேர்ந்தே வரும். வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். முதல் இரண்டு நாளுக்கு அது போதும். பிறகு தெம்பு வந்தால் ஒரு நாள் சீட்டாக, வேண்டிய மலைக்கு மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

மலைகளுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான கீழ்நோக்குப் பனிச்சறுக்குப் போட்டி இந்த ஹப்போஒனேயில்தான் நடந்தது. ஆஸ்திரிய வீரர் ஹெர்மன் மையர் அங்கே ஒரு வளைவில் காற்றில் தூக்கி எறியப்பட்டு, தடுப்பு வலைகளைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தார். மூன்று நாள் கழித்து எழுந்து வந்து அதே மலையில் சூப்பர் ஜி என்ற இன்னொரு வேகச் சறுக்குப் போட்டியில் தங்கம் வென்றார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஹப்போஒனேயின் உச்சிச் சறுக்குத்தளம் 1,831 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அடிவாரம் 760 மீட்டரில். அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் மேலான இறக்கம். நம் புக்கிட் தீமா குன்றின் உயரம் 160 மீட்டர் சொச்சம்தான், அதையே ஏறி இறங்க மூச்சு வாங்குகிறது. ஹப்போவில் எளிய சரிவுகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதல் தடவை போகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டிய மலை அது இல்லை.

வடக்கே இருக்கும் ட்சுகாயிகேயின் அடிவாரச் சரிவு அதற்கு நேர் எதிர். மைதானம் போல அகலம், மெல்லிய சாய்வு. ஒருவர் தடுமாறினாலும் பக்கத்தில் இருப்பவர் விலகிப் போக இடம் இருக்கும். கோர்யுவின் தோமி பக்கமும் நல்லது. சரிவின் காலடியிலேயே சாப்பாட்டுக் கூடம், பெட்டகம், உடை மாற்றும் இடம் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருப்பதால், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அலைச்சல் இல்லை. எங்கள் முதல் இரண்டு நாள் வகுப்பு அங்கேதான். தங்குவதும் அதற்குப் பக்கத்தில், கமிஷிரோ ரயில் நிலையப் பகுதியில். ஹப்போ ஊருக்குள்ளும், வெளிநாட்டவர் அதிகம் தங்கும் எக்கோலேண்ட் பகுதியிலும் கடை, உணவகம் நிறைய உண்டு, வாடகையும் அதற்கு ஏற்றபடி இருக்கிறது. கமிஷிரோவில் ஒரு குடும்பமே நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன. அவற்றைப் பென்ஷன் என்கிறார்கள். காலைச் சாப்பாடும் போட்டு, சரிவு வரை வண்டியில் கொண்டுபோய் விடுகிறவர்கள் உண்டு. முன்பதிவுக்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். மூன்று இடத்துக்கு எழுதினேன், மூன்று பேரும் பதில் போட்டார்கள்.

இனி, எப்போது போவது. நம் பிள்ளைகளுக்கு நீண்ட விடுமுறை நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை. பார்த்தால் வசதியாகத் தோன்றும். ஆனால் டிசம்பர் தொடக்கத்தில் அடிவாரத்தில் பனி போதுமான அளவு சேர்ந்திருக்காது, கிறிஸ்துமஸ் நெருங்கிய பிறகு அறை விலை தொட முடியாது. சீனப் புத்தாண்டு வாரத்திலும் இதே கதை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, இந்த மலைத்தொடரில் மோதிப் பனியாகக் கொட்டிவிடும். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவிவது அந்தப் புதுப்பனிக்காக. நமக்கு அது எதற்கு? முழங்கால் அளவு புதுப்பனியில் பழகாதவர் நிற்கவே முடியாது.

ஆகவே மார்ச் பள்ளி விடுமுறை வாரம். புதுப்பனி குறைந்திருக்கும், சேர்ந்த பனி அப்படியே கிடக்கும். வெயில் வரும், கை விறைக்காது, கூட்டமும் குறையத் தொடங்கியிருக்கும். ஒரு குறை உண்டு. காலையில் பனியின் மேற்பரப்பு ஓடு போல இறுகியிருக்கும், மதியத்துக்கு மேல் குழைந்த சோறு மாதிரி ஆகிவிடும். அதனால் எட்டரை மணிக்கே ஓட வேண்டாம். பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வதாக வைத்திருக்கிறோம். மார்ச் 20 அல்லது 21 ஜப்பானில் வசந்த சம இரவு நாள், பொது விடுமுறை. தோக்கியோவாசிகள் மலைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதற்குமுன் நாங்கள் இறங்கிவிடுவோம். வெள்ளிக்கிழமை இரவு சாங்கியில் விமானம் ஏறி, அடுத்த வியாழக்கிழமை திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்க் கூட்டம் இருக்கும் என்பதால் அன்று சீட்டே வாங்கப்போவதில்லை. பலகை வாடகைக்கு எடுப்பது, பனியில் நடந்து பழகுவது, பிள்ளைகள் உருண்டு விளையாடுவது, அவ்வளவுதான். திங்கள் காலை வகுப்பு.

விமானம் தோக்கியோ வரை சுமார் ஏழு மணி நேரம். அங்கிருந்து நாகானோவுக்கு ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், பிறகு நிலையத்தின் கிழக்கு வாசலிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதற்குமான ரயில் பாஸ் வாங்கினால் மிச்சம் என்று சிலர் இன்னமும் சொல்கிறார்கள். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 50,000 யென்னாக ஏறிவிட்டது. தோக்கியோவிலிருந்து நாகானோவுக்குப் போய்வர ஆகும் செலவு அதில் பாதிகூட வராது. வேண்டாம். தோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ஹகுபாவுக்கு நேரடி விரைவுப் பேருந்தும் உண்டு, ஐந்து மணி நேரம் பிடிக்கும். ரயிலைவிட மலிவு. தனியாளாகப் போனால் அதில்தான் போவேன். அம்மாவின் இடுப்புக்காக இந்த முறை ரயில்.

உடைகளுக்கு வருவோம். சறுக்குப் பலகை, காலணி, தலைக்கவசம், மேல்கோட்டு, கால்சட்டை எல்லாம் அங்கேயே வாடகைக்கு. கையுறை, பனிக் கண்ணாடி, உள்ளாடை, காலுறை மட்டும் சொந்தமாக. இதோ இந்தக் காலுறையைப் பாருங்கள். மெல்லியது, முழங்கால் வரை நீளம், கம்பளி கலந்தது. குளிருமே என்று இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளவே கூடாது. போன முறை நான் அப்படித்தான் போட்டேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, மதியத்துக்குள் கணுக்காலுக்கு மேலே காசளவு கொப்புளம். காலணி போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் உள்ளாடையின் கால்பகுதியைக் காலணிக்கு வெளியே இழுத்துவிட வேண்டும், உள்ளே காலுறை தவிர எதுவும் போகக் கூடாது. பிறகு காலை நுழைத்து, குதிகாலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னால் தள்ள வேண்டும். அதன்பிறகு முழங்காலை முன்னால் மடக்கி நின்று கொக்கிகளை மாட்ட வேண்டும். நின்றால் கால்விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடும், முழங்காலை மடக்கினால் விலகிவிடும். அதுதான் சரியான அளவு. நிமிர்ந்து நிற்கும்போது தொடுகிறதே என்று பெரிய அளவு கேட்டு வாங்காதீர்கள். கால் உள்ளே ஆடினால் பலகை நம் பேச்சைக் கேட்காது.

சாப்பாட்டைப் பற்றி அம்மாவுக்குத்தான் பெரிய கவலை. ஜப்பானுக்குள் இறைச்சிப் பண்டம் எதையும் கொண்டுபோக முடியாது, பதப்படுத்தியதும் சரி, சமைத்ததும் சரி. ஆட்டிறைச்சிப் பிரட்டல் பொட்டலம் கட்ட நினைத்தவர்கள் விட்டுவிடுங்கள். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் இவற்றை இங்கே தேக்காவிலேயே வாங்கிக்கொள்ளப் போகிறோம். அரிசி ஹகுபாவின் பேரங்காடியில் கிடைக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, காய்கறிச் சூப்பிலும் நூடல்ஸிலும்கூட மீன் சாறு கலந்திருக்கலாம். நாகானோவில் ஓயாகி என்று ஒரு பண்டம், மாவுக்குள் பூசணி, கீரை, சிவப்புப் பயறு வைத்துச் சுடுவார்கள். கொழுக்கட்டையின் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள்.

அம்மா சறுக்கப்போவதில்லை. அவருக்காகப் புதன்கிழமை இவாதாகே. சறுக்காதவர்களும் கம்பிவடத்தில் ஓடும் கோண்டோலாப் பெட்டியில் ஏறி மேலே போய், எதிரே பனிமலை வரிசையைப் பார்த்தபடி உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். எங்களுக்கும் அன்று ஓய்வு நாள். மூன்றாம் நாள் தொடை வலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செவ்வாய் மதியத்துக்குள் பிள்ளைகள் தேறிவிட்டால், புதன்கிழமை அண்ணனும் அவர்களும் ட்சுகாயிகேக்கு ஒரு நாள் சீட்டு எடுப்பார்கள். தேறாவிட்டால் எங்களோடு வருவார்கள். அதனால்தான் அந்தச் சீட்டை முன்கூட்டியே வாங்காமல் வைத்திருக்கிறேன்.

காப்புறுதியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பத்திரத்தைத் திறந்து, பனிச்சறுக்கு என்ற சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள், சேர்க்கப்பட்டவற்றில் இருக்கிறதா, விலக்கப்பட்டவற்றில் இருக்கிறதா என்று. குறிக்கப்பட்ட தடத்துக்கு வெளியே நடக்கும் விபத்துக்குப் பல திட்டங்களில் பணம் கிடைக்காது. எல்லைக் கயிற்றைத் தாண்டிப் போனவரைத் தேடி மீட்கும் செலவும் அவர் தலையில்தான் விழும். சின்னவனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்: கயிறு தெரிந்தால் நில்.

இதோ, கமிஷிரோ விடுதியின் முன்பதிவுப் பக்கம் திறந்திருக்கிறது. மூன்று அறை, ஐந்து இரவு. அண்ணி ஏழு மணிக்கு வேலை முடிந்து வருவார், வந்ததும் பணம் கட்டிவிடுவோம். அம்மா முறுக்கோடு வந்து நிற்கிறார். இந்தக் கையுறையை அவர் கையில் மாட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன், அளவு சரியாக இருந்தால் நாளைக்கே இன்னும் ஐந்து ஜோடி வாங்க வேண்டும்.