பிரிலாஃப்: கேட்டே கணக்குப் படித்தவர்

சி.ஏ. படிக்கும் தம்பி தங்கைகளே, தணிக்கைத் துறைப் பெரியவர்களே, வணக்கம்.

அமெரிக்கக் கணக்கியல் பேராசிரியர் ஏபிரகாம் பிரிலாஃப் 1917-இல் நியூயார்க்கில், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 2013 டிசம்பரில், 96-ஆம் வயதில் மறைந்தார். கட்டணமில்லாத சிட்டி காலேஜ்தான் அவரைப் போன்ற ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வாசலைத் திறந்தது. படித்து முடித்தாலும், சி.பி.ஏ. (நம் சி.ஏ. போன்ற அமெரிக்கக் கணக்காளர் தகுதி) ஆவதற்கு இன்னொரு சி.பி.ஏ.விடம் வேலை பார்த்த அனுபவம் வேண்டும். பெரிய நிறுவனங்களோ அந்நாளில் யூத இளைஞர்களைப் பெரும்பாலும் சேர்க்கவில்லை. சிறு வணிகர்களின் கணக்கு, வரிப் படிவம் என்று சின்ன அலுவலகங்களில்தான் அந்தத் தலைமுறை காலூன்றியது. பிரிலாஃப் தொழிலையும் விடவில்லை, நியூயார்க்கின் பருக் கல்லூரியில் பாடம் சொல்வதையும் விடவில்லை.

அவரை நாடறியச் செய்தது 'பூலிங்' என்ற இணைப்புக் கணக்கு முறை. 1960-களில் அமெரிக்க நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கிய வேகத்துக்கு அதுதான் எண்ணெய் ஊற்றியது. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 'அ' என்ற நிறுவனம் 10 கோடி டாலர் பெறும் தன் பங்குகளைக் கொடுத்து 'ஆ'வை வாங்குகிறது. 'ஆ'வின் சொத்துகள் ஏட்டில் 2 கோடிதான். பூலிங் முறையில் அந்த 2 கோடியே அப்படியே 'அ'வின் ஐந்தொகைக்கு வருகிறது. கொடுத்த 10 கோடி எங்கேயும் தெரியாது. மறு ஆண்டு அந்தச் சொத்துகளில் பாதியை 3 கோடிக்கு விற்கிறார்கள். ஏட்டு மதிப்பு 1 கோடி, ஆகவே 2 கோடி இலாபம் என்று அறிவிக்கிறார்கள். உண்மையில் அந்தப் பாதிக்குக் கொடுத்த விலை 5 கோடி. நட்டம் 2 கோடி. விற்பனை ஒன்றுதான், ஆனால் இலாபமும் நட்டமும் இடம் மாறிவிட்டன.

இன்னொரு வசதியும் உண்டு. டிசம்பரில் வாங்கிய நிறுவனத்தின் முழு ஆண்டு இலாபத்தையும் தன் இலாபத்தோடு சேர்த்துக் காட்டலாம். வளர்ச்சி போதவில்லை என்றால் ஆண்டுக் கடைசியில் ஒரு நிறுவனத்தை வாங்கினால் போதும்! பூலிங் இல்லாமல், கொடுத்த விலையிலேயே கணக்கு வைத்து, ஏட்டு மதிப்புக்கு மேல் மிஞ்சும் 8 கோடியை நன்மதிப்பாக (குட்வில்) எழுதினால், 1970-இல் வந்த விதிப்படி அதிகபட்சம் 40 ஆண்டுக்குள் கழித்தாக வேண்டும். ஆண்டுக்கு 20 இலட்சமாவது இலாபத்தில் குறையும். பூலிங்கில் அந்தச் சுமையும் இல்லை.

1968 முதல் பாரன்ஸ் வார இதழில் பிரிலாஃப் இதைப் பெயர் சொல்லி, எண் சொல்லி எழுதினார். 1974-இல் மெக்டொனால்ட்ஸின் கணக்கை அலசி எழுதியபோது அந்நிறுவனத்தின் பங்கு விலையே சரிந்தது. 1970-இல் பூலிங்குக்கு 12 நிபந்தனைகள் விதித்தார்கள்; அவற்றுக்குள்ளும் புகுந்து வெளியே வரக் கற்றுக்கொண்டன நிறுவனங்கள். 2001-இல்தான் அமெரிக்காவில் அந்த முறை அடியோடு போயிற்று. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே விஷயத்தை விடாமல் சொன்ன மனிதரின் பொறுமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்கிடையே கிளாகோமா என்ற கண் நோய் அவருடைய பார்வையைப் பறித்தது. நிதி அறிக்கைகளை மாணவர்கள் வாசித்துக் காட்டினார்கள். தானும் கணக்காளரான மகள் அவருக்குக் கண்ணாக இருந்தார். பிற்காலக் கட்டுரைகளில் அவருடன் சேர்ந்தும் எழுதினார். குடும்பமும் தொழிலும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்த வாழ்க்கை அது.

ஓர் ஆண்டறிக்கையை இன்னொருவருக்கு வாசித்துக் காட்டுவது எளிதல்ல. செய்து பாருங்கள். முதலில் அலகைச் சொல்ல வேண்டும்: இலட்சமா, கோடியா என்று. அதை விட்டால் எல்லாமே தவறிப்போகும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்ணைக் 'கழித்தல்' என்று சொல்லாவிட்டால், கேட்பவர் நட்டத்தை இலாபமாக எடுத்துக்கொள்வார். ஒவ்வோர் எண்ணோடும் போன ஆண்டின் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இலாபத்தில் தொடங்கவே கூடாது. தணிக்கையாளர் அறிக்கை, கணக்குக் கொள்கைகள், கையகப்படுத்தல் பற்றிய குறிப்பு, தொடர்புடையவர்களுடன் நடந்த கொடுக்கல் வாங்கல், ரொக்க ஓட்டம். இலாப நட்டக் கணக்கு இவற்றுக்கெல்லாம் பிறகுதான். வண்ணப் படமும் வரைபடமும் காதில் விழாது என்பது ஒரு பெரிய நன்மை. கண் நன்றாக இருப்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியைத்தான் பரிந்துரைப்பேன்.

அமெரிக்காவில் ஒழிந்த கதை நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். நிறுவன ஒருங்கிணைப்புக்கான நம் கணக்கியல் தரநிலை ஏ.எஸ். 14 இன்றும் இணைப்பு வகை ஒருங்கிணைப்புக்குப் பூலிங்கையே சொல்கிறது. ஐந்து நிபந்தனைகள் உங்களுக்குத் தெரியும்: எல்லாச் சொத்தும் கடனும் மாற வேண்டும், முகமதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையாத சாதாரணப் பங்குகளை வைத்திருப்பவர்கள் இணைத்துக்கொள்ளும் நிறுவனத்தின் பங்குதாரர் ஆக வேண்டும், பின்னப் பங்குக்குத் தரும் ரொக்கம் போக, விலை முழுதும் சாதாரணப் பங்காகவே இருக்க வேண்டும், கணக்குக் கொள்கைகளை ஒன்றாக்குவதற்குத் தவிர ஏட்டு மதிப்பைத் தொடக்கூடாது. இவை நான்கையும் ஆவணம் வைத்துச் சரிபார்த்துவிடலாம்.

மீதமுள்ளது, அந்தத் தொழிலைத் தொடர்ந்து நடத்தும் எண்ணம் இருக்க வேண்டும் என்பது. எண்ணத்துக்கு வவுச்சர் கிடையாது. இயக்குநர் குழுத் தீர்மானத்தில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். அதோடு நிறுத்தாமல், அடுத்த இரண்டு ஆண்டின் 'பிற வருமானம்' குறிப்பை எடுத்து, இணைப்பில் வந்த நிலமோ இயந்திரமோ விற்கப்பட்டிருக்கிறதா, என்ன ஏட்டு மதிப்பில் விற்கப்பட்டது என்று பாருங்கள். பிரிலாஃப் தேடிய இலாபம் அந்தக் குறிப்பில்தான் வந்து உட்காரும்.