முதல் டாட்டூ: வடிவத்தையும் கலைஞரையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

[திரையில்: ஒரே டாட்டூவின் இரண்டு படங்கள். ஒன்று குத்திய அன்று எடுத்தது, மற்றொன்று சில ஆண்டுகள் கழித்து எடுத்தது.]

வணக்கம். முதல் டாட்டூ குத்திக்கொள்ள நினைப்பவர்கள் இணையத்தில் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை, வேலை முடிந்த சில நிமிடங்களுக்குள் எடுக்கப்பட்டவை. அந்த நேரத்தில் மை அடர்ந்த கறுப்பாக இருக்கும், கோடுகள் கூர்மையாக இருக்கும், தோல் சற்றே வீங்கி இறுகியிருப்பதால் வடிவம் முழுவதும் எடுப்பாகத் தெரியும். ஆனால் ஆண்டுக்கணக்கில் உங்களுடன் இருக்கப்போவது அந்தத் தோற்றம் அல்ல. புண் ஆறி, மேல்தோல் உரிந்து, மை தோலுக்குள் அடங்கிய பிறகு மிஞ்சுகின்ற தோற்றம்தான். எந்த வடிவம், எவ்வளவு பெரிதாக, உடலில் எங்கே, யார் கையால் என்ற எல்லாக் கேள்விகளுக்கும், "ஆறிய பிறகு இது எப்படி இருக்கும்?" என்று கேட்டே விடை தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[திரையில்: தோலின் குறுக்குவெட்டுப் படம். ஊசி மேல்தோலைக் கடந்து உள்தோலைத் தொடுகிறது.]

முதலில், மை எங்கே போய்த் தங்குகிறது என்பதைப் பார்த்துவிடலாம். நம்முடைய மேல்தோல் இடைவிடாமல் உதிர்ந்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மை அந்த அடுக்கிலேயே நின்றுவிட்டால் தோலோடு சேர்ந்து உதிர்ந்துவிடும். எனவே ஊசி மேல்தோலைக் கடந்து, அதற்குக் கீழே டெர்மிஸ் எனப்படும் உள்தோலில், பொதுவாக 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் மையைச் சேர்க்கிறது. அங்கே மேக்ரோபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் மைத்துகள்களை விழுங்குகின்றன. ஆனால் அவற்றைச் செரிக்க முடியாமல் அப்படியே உள்ளே வைத்துக்கொள்கின்றன. ஒரு செல் இறந்து துகள்கள் வெளியே வரும்போது, அடுத்து அங்கு வரும் செல் அவற்றை விழுங்கிக்கொள்கிறது என்பதை பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளில் நடத்திய ஆய்வின் மூலம் 2018-இல் வெளியிட்டார்கள். டாட்டூ நிலைத்து நிற்பதற்கு இந்தக் கைமாற்றம் ஒரு முக்கியக் காரணம். ஆண்டுகள் செல்லச் செல்லத் துகள்களில் சில சற்று நகர்கின்றன, சில நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கின்றன. அதனால் எவ்வளவு திறமையாகக் குத்தப்பட்ட கோடும் மெல்லத் தடிக்கும், ஓரங்கள் இளகும், கறுப்பு சற்று வெளிறும். இது யாருடைய பிழையும் அல்ல, தோலின் இயல்பு.

ஆழம் தவறுவதுதான் பிழை. ஊசி போதிய ஆழத்துக்குப் போகாவிட்டால் ஆறும்போதே மை திட்டுத்திட்டாகப் போய்விடும். அளவு மீறி ஆழமாகப் போனால், நனைந்த துணியில் வைத்த மைப்புள்ளியைப் போல, கோட்டைச் சுற்றி நீல நிறப் படலம் பரவும். இதை டாட்டூ துறையினர் 'புளோ அவுட்' என்பார்கள். ஒருமுறை ஏற்பட்டால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம். உள்ளங்கை, கணுக்கால், முழங்கையின் உட்புறம் என்று தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒவ்வோர் இடத்திலும் சரியான ஆழத்தைக் கையால் உணர்ந்து வேலை செய்வதே கலைஞரின் அடிப்படைத் திறமை.

[திரையில்: ஒரே பூ வடிவம் மூன்று அளவுகளில். ஒவ்வொன்றிலும் கோடுகள் மெல்லத் தடித்து, இடைவெளிகள் குறைகின்றன.]

இனி வடிவத்துக்கு வருவோம். கோடு தடிக்கும் என்று தெரிந்துவிட்டால், ஒரு வடிவத்தில் நாம் முதலில் பார்க்க வேண்டியது கோடுகளை அல்ல, கோடுகளுக்கு இடையே உள்ள வெற்றிடத்தைத்தான் என்பது விளங்கும். கட்டைவிரல் நகம் அளவுள்ள இடத்தில் ஒரு சிங்கத்தின் முகமும் பிடரி மயிரும் கிரீடமும் வேண்டும் என்று கேட்டால், மறுநாள் எடுக்கும் படத்தில் அது அழகாகவே இருக்கும். சில ஆண்டுகளில் அந்த மயிரிழைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு கறுத்த திட்டாகிவிடும். அதே சிங்கத்தை உள்ளங்கை அளவுக்குப் பெரிதாக்கலாம், அல்லது நான்கைந்து கோடுகளில் அடங்கும்படி எளிமையாக்கலாம். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் நல்லதுதான். முதல் டாட்டூ சிறியதாக இருக்கட்டும் என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சிறிய அளவு வேண்டுமென்றால் எளிய வடிவம் வேண்டும். வடிவத்தை உண்மையான அளவில் அச்சிட்டு, கை நீளத்துக்கு அப்பால் வைத்துப் பாருங்கள். அங்கிருந்து பார்க்கும்போதே தெளியாத நுணுக்கம், தோலில் தெளியப்போவதில்லை.

இப்போது பலரும் விரும்பும் 'ஃபைன் லைன்' பாணியை இதனால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மெல்லிய ஊசியால் போடப்படும் அந்தக் கோடுகள் தளர்வான இடைவெளிகளோடு அமைந்தால் அழகாகவே முதிரும். ஆனால் ஆழத்தில் நேரும் சிறு தவறும் அதில் அப்பட்டமாகத் தெரியும் என்பதால், அதற்கு மிகத் தேர்ந்த கை வேண்டும். வெளிக்கோடே இல்லாமல் வண்ணங்களை மட்டும் பரவவிடும் 'வாட்டர் கலர்' பாணியைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. கறுப்பின் துணை சிறிதும் இல்லாத வெளிர் வண்ணங்கள் முதலில் மங்குகின்றன. அவை மங்கியபின் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இருப்பதில்லை.

தோலின் நிறமும் இங்கே கணக்கில் வர வேண்டும். மை இருப்பது உள்தோலில். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பெரிதும் இருப்பது அதற்கு மேலே உள்ள அடுக்கில். அதாவது, எந்த வண்ணத்தையும் நாம் மெலனின் ஊடாகவே பார்க்கிறோம். கருமை கூடிய தோலில் மஞ்சள், வெள்ளை, வெளிர் ஊதா போன்றவை அடங்கித் தெரியும். கறுப்பும் அடர்த்தியான வண்ணங்களும் நன்றாக நிற்கும். தன் தோலின் நிறத்தை ஒரு குறையாக எண்ணி யாரும் தயங்க வேண்டாம். கருமையான தோலில் போதிய இடைவெளியோடு அமைந்த கறுப்பு வேலைப்பாட்டுக்கு இருக்கும் கம்பீரம் தனியானது. அதை மதித்து வடிவமைக்கத் தெரிந்த கலைஞர்தான் நமக்கு வேண்டும்.

[திரையில்: 'ண', 'ன' ஆகிய எழுத்துகள் அருகருகே. சுழிகள் மெல்ல அடைபடுகின்றன.]

தமிழில் ஒரு பெயரையோ சொல்லையோ குத்திக்கொள்ள விரும்புவோர் இந்தப் பகுதியைக் கூடுதல் கவனத்தோடு கேளுங்கள். நம் எழுத்துகளில் வளைவும் சுழியும் அதிகம். ணகரத்துக்கும் னகரத்துக்கும் வேறுபாடு ஒரே ஒரு சுழிதான். எழுத்தைச் சிறிதாகக் குத்தி, காலப்போக்கில் அந்தச் சுழி அடைந்துவிட்டால், சொல்லே வேறாகப் படிக்கப்படும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளியை எழுத்தை ஒட்டி வைத்தால் அது எழுத்தோடு சேர்ந்துவிடும். மிகச் சிறிதாக வைத்தால் மங்கிவிடும். எனவே சுழியின் உள்வெளி, கோட்டின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்காவது இருக்கும்படி அளவை நிர்ணயிக்கச் சொல்லுங்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழைச் சரியாகக் கையாளாத வடிவமைப்பு மென்பொருளில் சொல்லை ஒட்டும்போது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். தமிழ் படிக்கத் தெரியாத கலைஞருக்கு அது பிழை என்று தெரிய வழியே இல்லை. சொல்லை எழுத்தாக அனுப்பாமல் படமாக மாற்றி அனுப்புங்கள். குத்துவதற்கு முன்பு, தமிழ் நன்கு அறிந்த வேறொருவரின் கண்ணிலும் அது பட்டுவிட வேண்டும். நம் கண் ஒரு சொல்லைப் பலமுறை பார்த்துப் பழகிவிட்டால் அதிலுள்ள பிழையைப் பார்க்கத் தவறிவிடும்.

பொருளைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அது உங்களுடையது. எனினும் வேறொரு மக்களின் அடையாளத்தை எடுத்துக்கொள்வதற்கு முன்பு அது என்னவென்று அறிந்துகொள்வது மரியாதை. நியூசிலாந்தின் மாவோரி மக்களின் 'மோக்கோ', அதை அணிபவரின் குலவழியையும் உறவுகளையும் சொல்லும் வடிவம்; அழகாக இருக்கிறது என்பதற்காக நகலெடுக்கத் தக்கது அல்ல. அதேபோல, இன்னொருவருக்காக ஒரு கலைஞர் வரைந்த டாட்டூவை அப்படியே பிரதி எடுக்கச் சொல்லாதீர்கள். பிடித்த படங்களைக் காட்டி, அவற்றில் எது பிடித்தது என்று சொன்னால், நல்ல கலைஞர் உங்கள் உடலுக்கு ஏற்றதை வரைந்து தருவார்.

[திரையில்: உடலின் வரைபடம். விரல், பாதம், விலா, மேற்கை ஆகியவை ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

இடத்தைப் பொறுத்தவரை, விரல்களின் பக்கவாட்டிலும் உள்ளங்கையிலும் பாதத்திலும் மை சீக்கிரம் மங்கும். முதல் டாட்டூவுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலாவிலும் கணுக்காலிலும் எலும்புக்கு மேல் சதை குறைவு என்பதால் வலி கூடுதல். மேற்கையின் வெளிப்புறம், முன்கை, கெண்டைக்கால் ஆகியவை வலியிலும் நிலைப்பிலும் இணக்கமானவை. மச்சத்தின் மேல் குத்தவே கூடாது: ஒரு மச்சம் நிறமோ வடிவமோ மாறினால் அது தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், மை அந்த மாற்றத்தை மறைத்துவிடும்.

[திரையில்: ஒரு கலைஞரின் படத்தொகுப்பு. கோடுகள் சந்திக்கும் இடங்கள் பெரிதாக்கிக் காட்டப்படுகின்றன.]

கலைஞரைத் தேடும்போது, முதலில் பாணியைப் பாருங்கள். உருவப்படம் குத்துவதில் தேர்ந்தவர் ஜியோமெட்ரி வடிவங்களில் தடுமாறலாம். இந்தத் துறையில் 'எல்லாம் செய்வேன்' என்பதைவிட 'இதைத்தான் செய்வேன்' என்பவரையே நான் நம்புவேன். பிறகு அவருடைய படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நீண்ட கோடு நடுங்காமல் போகிறதா, இரண்டு கோடுகள் சந்திக்கும் மூலையில் மை பிதுங்கி நிற்கிறதா, வட்டம் வட்டமாக மூடுகிறதா, கறுப்பு நிரப்பிய இடத்தில் ஓட்டைகள் தெரிகின்றனவா, ஷேடிங் படிப்படியாக இறங்குகிறதா என்பவற்றைப் பழகாத கண்ணும் கண்டுகொள்ளும். படத்தில் டாட்டூவைச் சுற்றியுள்ள தோல் இயல்புக்கு மாறாக வழவழப்பாகவும் நிறமற்றும் இருந்தால், அந்தப் படம் திருத்தப்பட்டிருக்கலாம்.

அடுத்து, தயங்காமல் கேளுங்கள்: "நீங்கள் குத்தி ஆறிய டாட்டூக்களின் படங்களைக் காட்ட முடியுமா? ஓராண்டுக்கு மேல் ஆனவை இருக்கின்றனவா? என் தோலின் நிறத்தை ஒத்தவர்களுக்குச் செய்தவை இருக்கின்றனவா?" இந்தக் கேள்வியில் அவமதிப்பு எதுவும் இல்லை. தன் வேலை எப்படி முதிர்கிறது என்பதில் அக்கறை உள்ள கலைஞர், பழைய வாடிக்கையாளர்களிடமிருந்து அத்தகைய படங்களைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்திருப்பார். பல ஆண்டுகளாக வேலை செய்பவரிடம் புதிய படங்கள் மட்டுமே இருந்தால், அது யோசிக்க வேண்டிய செய்தி.

நேரில் பேசும்போது அவர் எதற்கு மறுப்புச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். "இவ்வளவு சிறிதாகச் செய்தால் நிற்காது", "இந்த இடத்தில் இந்த வடிவம் வளைந்து தெரியும்" என்று சொல்பவர், உங்கள் தோலின் எதிர்காலத்தைப் பற்றிச் சிந்திப்பவர். எதைக் கேட்டாலும் உடனே தலையசைத்து, இன்றே உட்காரச் சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். மறுத்துவிட்டு வருவதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. குறைந்த கட்டணத்தையே அளவுகோலாகக் கொள்வதும் வேண்டாம். பிடித்த கலைஞரின் கட்டணம் கைக்கு எட்டாவிட்டால், வேறொருவரைத் தேடுவதைவிடச் சில மாதங்கள் காத்திருப்பதே நல்லது.

[திரையில்: உறை பிரிக்கப்படாத ஊசி கார்ட்ரிட்ஜ், சிறு மைக்கிண்ணங்கள், ஆட்டோகிளேவ்.]

சுத்தத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை அசுத்தமான ஊசியின் வழியே பரவக்கூடியவை. ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக இருக்க வேண்டும், அதன் உறையை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். மையைச் சிறு கிண்ணத்தில் உங்களுக்கென்று ஊற்ற வேண்டும். மிஞ்சியதைப் புட்டியில் திரும்ப ஊற்றக் கூடாது. கையுறையோடு செல்பேசியைத் தொட்டால் கையுறையை மாற்ற வேண்டும். மீண்டும் பயன்படுத்தும் கருவிகள் இருந்தால், அவை ஆட்டோகிளேவ் எனப்படும் கிருமிநீக்கக் கருவியில், அழுத்தமூட்டிய 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் குறைந்தது 15 நிமிடங்கள் வைக்கப்பட வேண்டும்; கொதிநீரும் ஆல்கஹாலும் அதற்கு ஈடாகா.

மையைப் பற்றியும் கேளுங்கள். 2011-இன் பிற்பகுதியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் 19 பேருக்கு டாட்டூவில் மைக்கோபாக்டீரியம் என்னும் பாக்டீரியாவின் தொற்று ஏற்பட்டது. அதற்குக் காரணம், முன்கூட்டியே நீர்க்கப்பட்டு விற்கப்பட்ட சாம்பல் நிற மை என்று தெரியவந்தது. ஸ்டூடியோ சுத்தமாக இருந்தாலும் மை கெட்டிருக்கலாம் என்பதற்கு அது சான்று. தயாரிப்பாளரின் பெயரும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் உள்ள புட்டியைக் காட்டச் சொல்வது உங்கள் உரிமை. குழாய்நீரை ஊற்றி மையை நீர்க்கச் செய்வதைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒவ்வாமை அதிகம் பதிவாவது சிவப்பு மையில் என்பதால், ஒவ்வாமை உள்ளவர்கள் முதல் டாட்டூவைக் கறுப்பில் வைத்துக்கொள்ளலாம். தழும்புகள் தடித்து வளரும் கீலாய்டு இயல்பு உள்ளவர்களும், சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

பிடிக்காவிட்டால் லேசரில் அழித்துக்கொள்ளலாம் என்ற துணிவில் இறங்க வேண்டாம். லேசர் பல அமர்வுகளை எடுக்கும், அவற்றுக்கிடையே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கறுப்பு ஓரளவு எளிதில் போனாலும் மஞ்சளும் பச்சையும் பிடிவாதமாக நிற்கும்.

[திரையில்: கையில் ஒட்டப்பட்ட ஊதா நிற ஸ்டென்சில்.]

குத்தும் நாளில், வடிவத்தைத் தோலில் முன்கூட்டியே பதித்துக் காட்டும் ஸ்டென்சிலை ஒட்டியவுடன் படுத்த நிலையிலேயே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டு, கண்ணாடியில் பாருங்கள். கையைத் திருப்பும்போது வடிவம் எப்படி வளைகிறது என்று பாருங்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். கண்ணாடியில் எழுத்து இடவலமாகத் தெரியும் என்பதால், செல்பேசியில் ஒரு படம் எடுத்தும் படியுங்கள். ஒரு விரற்கடை நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஸ்டென்சிலைத் துடைத்து மீண்டும் ஒட்டுவது சில நிமிட வேலை. மூன்று முறை ஒட்டச் சொன்னாலும் நல்ல கலைஞர் முகம் சுளிக்க மாட்டார்.

மேற்பரப்பு ஆற இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை வெயில், நீச்சல், சொறிதல் ஆகியவற்றைத் தவிர்த்து, கலைஞர் சொன்னபடி கழுவிப் பராமரியுங்கள். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கலைஞரிடம் அல்ல, மருத்துவரிடம் செல்லுங்கள். முழுதும் ஆறிய பிறகு எங்காவது கோடு விட்டுப்போயிருந்தால் 'டச் அப்' செய்யலாம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, எத்தனை மாதங்களுக்குள் வர வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.