கெதுராவில் ஓர் ஓய்வுநாள்

நேயர்களுக்கு வணக்கம். எருசலேமில் தங்கிப் படித்த காலத்தில், உடன் படித்தவர்களோடு சேர்ந்து, வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை நீளும் யூதர்களின் ஓய்வுநாளாகிய ஷபாத்தைக் கழிப்பதற்காகக் கெதுரா என்னும் கிப்புட்ஸுக்குச் சென்றுவந்ததைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கிப்புட்ஸ் என்பது உழைப்பையும் உடைமையையும் பொதுவில் வைத்து வாழும் கூட்டுக் குடியிருப்பு. கெதுரா, இஸ்ரேலின் தென்கோடியில் உள்ள எய்லாத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே, மழை மிக அரிதான அரவா பள்ளத்தாக்கில், அமெரிக்காவிலிருந்து வந்த யூத இளைஞர்களால் 1973இல் நிறுவப்பட்டது.

வெள்ளிக்கிழமை பிற்பகலில் நிற்கும் பேருந்துகள் மறுநாள் பொழுது சாய்ந்த பிறகே மீண்டும் ஓடும் என்பதால், இடையில் திரும்பிவர வழியில்லை. அந்தக் கட்டாயம் எங்களுக்கு நன்மையாகவே அமைந்தது. கதிரவன் மேற்கே இறங்கும்போது, எதிர்ப்புறத்தில் யோர்தான் நாட்டு ஏதோம் மலைகள் செந்நிறம் கொண்டன. ஏதோம் என்ற பெயரே சிவப்பைக் குறிக்கும் எபிரேயச் சொல்லோடு உறவுடையது. ஷபாத்தை மணமகளாக எண்ணி வரவேற்கும் பாட்டின் கடைசிக் கண்ணியில், அனைவரும் வாயிலை நோக்கித் திரும்பித் தலைவணங்கினார்கள்.

பொது உணவுக்கூடத்தில், துணியால் மூடிய இரண்டு பின்னல் ரொட்டிகள் மேசைமீது இருந்தன. எகிப்திலிருந்து வெளியேறிய மக்களுக்குப் பாலைவனத்தில் நாள்தோறும் கிடைத்த மன்னா என்னும் உணவு, ஓய்வுநாளுக்கு முந்தைய ஆறாம் நாளில் மட்டும் இரு மடங்காகக் கிடைத்தது என்று விவிலியத்தின் யாத்திராகமம் கூறுகிறது. அதன் நினைவாகவே ரொட்டி இரண்டு. நகரத்து வீடுகளில் பலமுறை கண்ட வழக்கம்தான் என்றாலும், வெளியே பாலைநிலம் இருளில் கிடக்க அந்த ரொட்டியைப் பிட்டு உண்டபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது.

என்னை மிகவும் நெகிழ வைத்தது வேறொன்று. கெதுராவில் சமய நெறிப்படி வாழ்பவர்களும் அவ்வாறு வாழாதவர்களும் சேர்ந்தே குடியிருக்கிறார்கள். பொது இடங்களில் ஷபாத் கட்டுப்பாடுகளும், உணவுக்கூடத்தில் யூத உணவு விதிகளும் காக்கப்படுகின்றன. தம் வீட்டுக்குள் எப்படி வாழ்வது என்பது அவரவர் முடிவு. அயலாரும் தம்மோடு ஒரே மேசையில் உண்ண வேண்டும் என்பதற்காகத் தாம் நம்பாத விதியையும் ஒருவர் ஏற்பதை, வெறும் விட்டுக்கொடுத்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது அன்பின் ஒரு வடிவம் என்றே கருதுகிறேன்.

மறுநாள் மெத்தூசலா என்னும் பேரீச்ச மரத்தைப் பார்க்கச் சென்றோம். மசாதா கோட்டை அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான கொட்டையிலிருந்து 2005இல் அதை முளைக்க வைத்தவர், கெதுராவைச் சேர்ந்த எலைன் சோலோவே. ஷபாத்தில் விலக்கப்பட்ட 39 வகை வேலைகளில் அறுவடையும் ஒன்று என்பதால், தோட்டங்களில் ஒருவரும் இல்லை. நாங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டு அதன் நிழலில் நெடுநேரம் நின்றோம்.

வானில் மூன்று விண்மீன்கள் தோன்றிய பிறகு, நறுமணப் பொருள்களை முகர்ந்து, பின்னல் மெழுகுவத்தியின் சுடரைத் திராட்சை இரசத்தில் அணைத்து, ஷபாத்தை வழியனுப்பினார்கள். உணவுக்கூடத்தில் விளக்குகள் எரிந்தன. சிலர் பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினார்கள். நாங்களும் கை கொடுத்துவிட்டு, எங்கள் பைகளோடு சாலையை நோக்கி நடந்தோம்.

நன்றி, வணக்கம்.