சித்திரைத் திருவிழாவும் நிலாவின் பள்ளங்களும்

எல்லோருக்கும் வணக்கம்.

டெலஸ்கோப் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பௌர்ணமிக்குத்தான் காத்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் குடும்பமே கூடுகிறது. எட்டிப் பார்த்தால் கண்ணைக் கூசும் வெள்ளை வட்டம், அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு காசு?" என்று யாராவது கேட்பார்கள். மறு வாரம் டெலஸ்கோப் பரணுக்குப் போய்விடும். கருவிமேல் குற்றமில்லை, பார்த்த நாள்தான் சரியில்லை.

நிலாவின் பள்ளம் நம் கண்ணுக்குத் தெரிவது அதன் நிழலால். காலையில் மதுரை ஒத்தக்கடைப் பக்கம் நின்று யானைமலையைப் பாருங்கள். சாய்வெயிலில் பாறையின் மடிப்பெல்லாம் எடுப்பாகத் தெரியும். உச்சிவெயிலில் அதே மலை சப்பென்று கிடக்கும். பௌர்ணமியன்று சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கிறது. நிலாவில் விழும் நிழல்கள் அந்தந்த மேட்டுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கின்றன.

அதனால் நிலாவில் பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டித்தான் பார்க்க வேண்டும். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். நிலாவின் நடுப்பகுதியில் அந்தக் கோடு மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் நகர்கிறது. ஆகவே நேற்றுப் பார்த்த பள்ளம் இன்று மங்கும். நேற்று இருட்டில் கிடந்தது இன்று துலங்கும்.

மதுரைக்காரர்களுக்கு இதற்குத் தனிக் காலண்டர் வேண்டாம். சித்திரைத் திருவிழா போதும். மீனாட்சியம்மன் கோயிலில் கொடியேற்றும்போது வானத்தில் மூன்றாம் பிறையோ நான்காம் பிறையோ இருக்கும். அன்று மாலை பெட்டாவியஸ் என்ற பள்ளத்தைப் பிடியுங்கள். நடுவில் மலைக்கூட்டம், அதிலிருந்து சுவர் வரை கிழித்துவிட்டது போல ஒரு பிளவு. நாலைந்து நாளில் அரைநிலா. மீனாட்சி பட்டாபிஷேகத்தின்போது 93 கிலோமீட்டர் அகலக் கோப்பர்நிக்கஸ் பள்ளம், படிப்படியாக இறங்கும் சுவர்களோடு தெளிவாக நிற்கும்.

இதில் என் கட்சி அரைநிலாக் கட்சி. அன்றைக்கு நிலாவின் நடுவில் மூன்று பள்ளங்கள் வடக்கு தெற்காக வரிசை கட்டி நிற்கும்: டாலமேயஸ், அல்ஃபோன்சஸ், அர்சாக்கெல். டாலமேயஸின் அகலம் சுமார் 153 கிலோமீட்டர். ஒரு கரையில் மதுரையையும் எதிர்க்கரையில் திருச்சியையும் வைத்தாலும் இடம் மிச்சம். அதன் தரை வழவழப்பாகத் தெரியும். கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் உள்ளே ஒரு குட்டிப் பள்ளம் அகப்படும். அல்ஃபோன்சஸில் தரை இன்னும் இருட்டாக இருக்க, நடுமலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டு ஒரு புள்ளி மின்னும் நேரம் உண்டு. 1965 மார்ச்சில் அமெரிக்காவின் ரேஞ்சர் 9 விண்கலம் விழுந்தது இந்தப் பள்ளத்துக்குள்தான். மோதும் வரை அனுப்பிய படங்களைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள்.

இந்தப் பள்ளங்கள் எப்படி வந்தன? 1665-லேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி சோதனை செய்து பார்த்தார். ஈரக் களிமண்ணில் துப்பாக்கிக் குண்டுகளைப் போட்டார், நிலாப் பள்ளம் மாதிரியே வந்தது. ஒரு வகைக் கல்பொடியைக் கொதிக்க வைத்தார், குமிழி உடைந்து அதிலும் பள்ளம் வந்தது. வானத்திலிருந்து கல் விழ வேண்டுமென்றால், அந்தக் கல் எங்கிருந்து வரும் என்று அவருக்குப் புரியவில்லை. அதனால் குமிழி பக்கம் சாய்ந்துவிட்டார். அவர் காலத்தில் குறுங்கோள், அதாவது சூரியனைச் சுற்றும் சின்னப் பாறை, ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. முதலாவது தெரிந்ததே 1801-இல்தான். இன்னொரு சந்தேகமும் வெகுகாலம் இருந்தது: சாய்வாக விழும் கல் நீள்வட்டக் குழியைத்தானே தோண்டும், இவையெல்லாம் ஏன் வட்டம்? நொடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் வருவது தரையில் பட்டதும் வெடிகுண்டு போல வெடிக்கிறது. வெடிப்பு எல்லாத் திசையிலும் சமமாகப் பரவுவதால் குழி வட்டமாகிறது.

சரி, கருவிக்கு வருவோம். 114 மில்லிமீட்டர் அகலக் கண்ணாடி, 900 மில்லிமீட்டர் குவியத் தூரம் (கண்ணாடி ஒளியைக் குவிக்கும் தூரம்) இருந்தால் தாராளம். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸுக்கு ஐபீஸ் என்று பெயர். 25 மில்லிமீட்டர் ஐபீஸில் 36 மடங்கு, 10-இல் 90 மடங்கு. பெட்டியில் அறுநூறு எழுநூறு மடங்கு என்று அச்சடித்திருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள். சித்திரையில் மாடித்தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வரை விட்டுக்கொண்டிருக்கும். பள்ளத்தின் விளிம்பு நெளிந்துகொண்டே இருக்கும். முடிந்தால் மண்தரையில் வையுங்கள். அரைமணி நேரம் முன்பே வெளியே கொண்டுவந்து ஆறவிடுங்கள்.

அழகர் ஆற்றில் இறங்கும் பௌர்ணமியன்று பார்க்க ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. தெற்கே டைக்கோ என்ற பள்ளம். 85 கிலோமீட்டர் அகலம், வயது சுமார் 11 கோடி ஆண்டு; நிலாக் கணக்கில் இளசு. மோதலில் தெறித்த பொடி நிலா முழுக்க வெள்ளைக் கீற்றுகளாக ஓடுகிறது. அதற்கு பைனாகுலரே போதும், வைகைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

இன்றைக்கு அஷ்டமி. வெளியே வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் டெலஸ்கோப் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் முதலில் வரட்டும். குழாயைக் கையால் பிடிக்காதீர்கள், நிலா ஓடிவிடும். பிடிக்காவிட்டாலும் 90 மடங்கில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்காது. அதனால் சட்டென்று பார்த்துவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுங்கள். வேண்டுமானால் மறுபடி வரிசையில் வாருங்கள்.