மியான்மர் போறீங்களா? மிங்கலாபாவோட நிறுத்திடாதீங்க!

மிங்கலாபா மக்களே, அதாவது வணக்கம்! மியான்மர் பத்தி வீடியோ போட்டதுல இருந்து "அங்க போனா எப்படி பேசுறது, இங்கிலீஷ் தெரியுமா அவங்களுக்கு"ன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதனால இன்னைக்கு முழுக்க அங்க பேசுற பர்மிய மொழி தான்.

மிங்கலாபா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஹோட்டல்ல, கடைல, ஏர்போர்ட்ல நம்மள பார்த்தா சொல்வாங்க, ஸ்கூல்ல டீச்சர் கிளாஸுக்குள்ள வந்ததும் பசங்க எழுந்து கை கட்டி நின்னு சொல்றதும் இதே தான். தப்பே இல்ல, தாராளமா சொல்லுங்க. ஆனா அவங்களுக்குள்ள, பக்கத்து வீட்டுக்காரங்களையோ ஃப்ரெண்டையோ பார்த்தா இத சொல்றது கம்மி. "சா பீ பீ லா?"ன்னு தான் கேப்பாங்க. சாப்டாச்சா! நம்ம ஆளுங்க கேக்குற அதே கேள்வி தான் பாருங்க. சாப்பிட்டிருந்தா "சா பீ பீ", இன்னும் இல்லன்னா "மசா யதேபூ". "சா பீ பீ"ல முதல் பீ பல்லுல வர்ற ப, ரெண்டாவது பீ பஸ்ல வர்ற ப, தமிழ் எழுத்துல ரெண்டும் ஒண்ணா தெரியும், அதனால நான் சொல்றத காதுல கேட்டு பழகுங்க. இன்னொண்ணு "நே கவுங் லா", நல்லா இருக்கீங்களா. பதில் "நே கவுங் பாதே".

இப்ப முக்கியமான மேட்டருக்கு வர்றேன், இத தான் நிறைய வீடியோல சொல்லாம விட்டுடுறாங்க. பர்மிய மொழில மரியாதை எங்க இருக்குன்னா வாக்கியத்தோட கடைசில இருக்கு. பொண்ணுங்க பேசினா கடைசில "ஷின்" சேர்ப்பாங்க, பசங்க பேசினா "கம்யா", அந்த க-வ கொஞ்சம் காத்து விட்டு சொல்லணும். கவனிங்க, எதிர்ல யாரு நிக்கிறாங்கன்னு பார்த்து இல்ல, பேசுறது யாருன்னு பார்த்து தான் இது மாறும். நான் பொண்ணு, அதனால பாட்டிகிட்ட பேசினாலும் டாக்ஸி டிரைவர்கிட்ட பேசினாலும் எனக்கு ஷின் தான். நன்றி சொல்ல "ச்சேஸூ தின் பாதே", அதையே நான் "ச்சேஸூ தின் பாதே ஷின்"னு சொல்வேன், என் தம்பி சொன்னா "ச்சேஸூ தின் பாதே கம்யா". யாராவது உங்கள கூப்பிட்டா "ஷின்?" "கம்யா?"ன்னு இந்த ஒத்த வார்த்தையே பதிலா போதும். அதே மாதிரி நான்-ங்கிறதுக்கும் பொண்ணுங்களுக்கு "ச்சமா", பசங்களுக்கு "ச்சனோ". இந்த ஷின், கம்யாவ சேர்த்து சொல்லிப் பாருங்க, எதிர்ல இருக்கிறவங்க முகம் அப்படியே மலர்ந்துடும், எனக்கு அத பார்க்க அவ்ளோ பிடிக்கும்.

அடுத்து யாரையும் மொட்டையா பேர் சொல்லி கூப்பிடாதீங்க. நம்மள மாதிரியே தான் உறவு சொல்லி கூப்பிடுவாங்க, அண்ணன் "அக்கோ", அக்கா "அமா", தம்பிய பசங்க கூப்பிட்டா "ஞீலே", பொண்ணுங்க கூப்பிட்டா "மவுங்லே", தங்கச்சி "ஞீமலே", அப்பா வயசுல இருந்தா "ஊலே". பேருக்கு முன்னாடியும் பெரியவங்கன்னா ஆம்பளைங்களுக்கு ஊ, பொம்பளைங்களுக்கு டோன்னு மரியாதைக்கு சேர்ப்பாங்க. ஐ.நா. பொதுச்செயலாளரா 1961ல இருந்து 1971 வரைக்கும் இருந்த ஊ தாண்ட் இருக்காரே, அவரோட பேர் வெறும் தாண்ட் தான், ஊ மரியாதைக்கு வந்தது. அங்க பெரும்பாலும் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது.

டீக்கடை! மியான்மர்ல டீக்கடைல உக்காராம வந்துட்டீங்கன்னா அது போனதாவே கணக்கு இல்ல. குட்டி குட்டி ஸ்டூல் போட்டிருப்பாங்க, மேஜைல வெறும் டீ ஒரு கூஜால இருக்கும், அதுக்கு பெரும்பாலும் காசு வாங்க மாட்டாங்க. பால் டீ வேணும்னா "லபெ யே தக்வெ", ஒரு கப் டீ. இனிப்பா திக்கா வேணும்னா "ச்சோ செயிங்". பரிமாறுறது அனேகமா சின்னப் பசங்களா இருப்பாங்க, ஞீலே, பொண்ணுங்கன்னா மவுங்லேன்னு கூப்பிடுங்க. சாப்பாடு நல்லா இருந்தா "சா லோ கவுங் தே"ன்னு சொல்லாம எழுந்து வராதீங்க ப்ளீஸ். பில்லுக்கு "ஷின் மே", இந்த ஷின் வேற, கொஞ்சம் இழுத்து மேல தூக்கி சொல்லணும், மரியாதைக்கு சொல்ற ஷின் கீழ அமைதியா வரும். ராகம் மாறினா அர்த்தம் மாறிடுற மொழி இது.

யாராவது நன்றி சொன்னா "யபாதே", பரவால்லன்னு அர்த்தம். தெரியாம இடிச்சிட்டு மன்னிப்பு கேட்டாலும் அதே யபாதே, இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்கன்னு தட்டுல வைக்க வந்தா போதும்னு சொல்லவும் அதே தான், ஒரே வார்த்தைல எவ்ளோ வேலை பாருங்க. மன்னிப்பு கேக்க "தவுங் பான் பாதே". ஆமா "ஹொக்கே", இல்ல "மஹொப்பூ", பொருள் விக்கிறவங்ககிட்ட வேணாம்னு சொல்ல "மலோபாபூ". கிளம்புறப்போ "த்வா தோ மே நோ", போயிட்டு வர்றேன்ங்க.

வாய் மட்டும் பேசினா பத்தாது, கையும் பேசணும் அங்க. காசு கொடுக்கிறதோ வாங்குறதோ வலது கையால, இடது கைய வலது முழங்கை பக்கம் லேசா தாங்கிப் பிடிச்சுக்கிட்டு. புத்த பிக்குகள பார்த்தா கை கூப்புங்க, அவங்ககிட்ட பேசுறப்போ ஷின், கம்யா கிடையாது, "பயா"ன்னு முடிப்பாங்க. பொண்ணுங்க பிக்குவ தொடக்கூடாது, ஏதாவது கொடுக்கணும்னா பக்கத்துல வச்சா அவங்களே எடுத்துப்பாங்க. ஷ்வேதகோன் மாதிரி பகோடாக்கு போனா செருப்பு மட்டும் இல்ல, சாக்ஸும் கழட்டணும்.

2021 பிப்ரவரில ராணுவம் ஆட்சிய பிடிச்சதுல இருந்து பல பகுதிகள்ல சண்டை நடந்துட்டு இருக்கு, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி நம்ம வெளியுறவுத்துறை என்ன சொல்லியிருக்காங்கன்னு கண்டிப்பா பாருங்க. இப்ப போக முடியலன்னாலும் இதெல்லாம் வீணாகாது, சிங்கப்பூர்ல இருக்கீங்கன்னா பெனின்சுலா பிளாசாக்கு ஒரு நாள் போங்க, அங்க பர்மாக்காரங்க கடை, சாப்பாட்டுக் கடை நிறைய இருக்கு, அங்கயே பேசிப் பழகலாம்.

எவ்ளோன்னு கேக்க "பெ லவுக் லே". ஆனா கேட்டதும் அவங்க அவங்க பணமான ச்சாட்ல ஆயிரக்கணக்குல கணக்கு சொல்வாங்க, நம்பர் தெரியலன்னா புரியாது, அத அடுத்த வீடியோல ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சு சொல்லித் தர்றேன்.